இடைக்கால லத்தீன் தர்க்கப் பிரதியிலிருந்து ஆய்விதழ்க் கட்டுரை வரை: முழுமையான வழிகாட்டி

13, 14ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்ட் போன்ற இடங்களில் எழுதப்பட்ட லத்தீன் தர்க்க நூல்களில் நிறைய இன்னும் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடக்கின்றன. அவற்றில் ஏழெட்டு ஏடுகளுக்கு மிகாத ஒன்றை எடுத்துப் பாடம் (நூலின் சரியான வாசகம்) நிறுவி, ஆய்வுரையோடு ஆய்விதழில் வெளியிடுவதற்கான வேலை வரிசை இது. முதல் முறை செய்பவருக்கு ஒன்றரை வருடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வடிவங்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை. ஒன்று க்வேஸ்தியோ: ஒரு கேள்வியை வைத்து, இரு பக்க வாதங்களையும் அடுக்கி, ஆசிரியர் தம் முடிவைச் சொல்லும் வடிவம். மற்றது சோஃபிஸ்மா: மெய் என்றும் பொய் என்றும் வாதிட இடம் தரும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் விவாதம். 'சீசர் மனிதன்' என்ற வாக்கியம் சீசர் செத்த பிறகும் மெய்தானா என்பது அந்தக் காலத்தில் பலரும் மோதிப் பார்த்த கேள்வி. இரண்டு வடிவங்களும் அளவில் சிறியவை. கட்டமைப்பு வெளிப்படையாகத் தெரியும் என்பதால், நீங்கள் தவறினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

புதிதாக வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் லத்தீனில் அல்ல, வரிசையில். முதலில் ஒரு கருத்தை முடிவு செய்துகொண்டு, அதற்கு ஆதாரம் தேடிப் பிரதிக்குள் போகிறார்கள். ஒரு 'நோன்' (லத்தீனில் 'அல்ல') விடுபட்டாலே வாதம் தலைகீழாகிவிடும் இந்தத் துறையில், பாடம் உறுதியாகும் முன் கருத்துச் சொல்வது ஆபத்து. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

லத்தீனில் குறைந்தது இரண்டு வருடப் பழக்கம் வேண்டும். தர்க்க ஆசிரியர்களின் வாக்கிய அமைப்பு எளிது, கலைச்சொற்கள்தான் கடினம். அகராதியில் ஒரு பொருளும் தர்க்கத்தில் வேறு பொருளும் இருக்கும். அதனால் 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பீட்டர் எழுதிய தர்க்கப் பாடநூலான 'திராக்தாத்துஸ்' நூலை டி ரைக்கின் 1972 பதிப்பில் முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். அப்புறம் 14ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி வில்லியம் ஆக்கமின் 'சும்மா லோஜிகே' நூலின் முதல் பாகம். 1974 பதிப்பு நம்பகமானது.

இவ்வளவு படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரதியில் உள்ள சுருக்கக்குறிகளை விரிப்பது பாதி கண் வேலை, பாதி ஊகம். இந்தத் துறையின் வழக்கமான வாக்கியங்கள் காதில் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஊகம் சரியாக வரும்.

அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களையும் லத்தீனில்தான் படிக்க வேண்டும். 'கேட்டகரீஸ்', 'பெரி ஹெர்மெனேயாஸ்', 'சோஃபிஸ்டிகி எலெங்கி' மூன்றையும் அந்தக் காலத்தவர் போயத்தியுஸின் மொழிபெயர்ப்பில் படித்தார்கள். கிரேக்க மூலத்தையோ இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்தால், உங்கள் ஆசிரியர் எந்த வரியை மேற்கோள் காட்டுகிறார் என்பதே பிடிபடாது.

சுருக்கக்குறிகளுக்கு அட்ரியானோ கப்பெல்லியின் அகராதி. முதலில் 1899இல் வந்தது, இன்றும் அதுதான் மேசையில் இருக்கிறது. இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் மூன்றில் இரண்டையாவது தட்டுத்தடுமாறியேனும் படிக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் நம்பினால் முந்தைய ஆய்வில் பெரும்பங்கு கண்ணில் படாமலே போகும்.

2. யாராவது முன்பே பதிப்பித்துவிட்டார்களா என்று பாருங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி பத்து மாதம் உழைத்துப் படியெடுத்த நூல், பழைய ஆய்விதழ் ஒன்றின் நடுப்பக்கங்களில் அச்சாகியிருந்தது. நூலகப் பட்டியலில் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. கிடைக்காது. இந்தத் துறையில் பதிப்புகள் தனிப் புத்தகமாக வருவதைவிடக் கட்டுரைக்குள் பின்னிணைப்பாக ஒளிந்திருப்பதே வழக்கம். ரோஜர் பேக்கன் 1267 வாக்கில் குறிகளைப் பற்றி எழுதிய 'டே சிக்னிஸ்' இதற்குத் தக்க உதாரணம். 1978இல் அது முதன்முதலாக அச்சேறியது 'ட்ராடிட்சியோ' என்ற ஆய்விதழின் ஒரு கட்டுரையாகத்தான்.

தேட வேண்டியது தலைப்பை வைத்து அல்ல, தொடக்க வாக்கியத்தை வைத்து. ஒரே நூலுக்கு ஒரு பிரதியில் ஒரு தலைப்பு, இன்னொன்றில் வேறு தலைப்பு, மூன்றாவதில் தலைப்பே இருக்காது. முன்னுரை இருந்தால் இரண்டு தொடக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னுரையின் முதல் எட்டுப் பத்துச் சொற்கள், நூலின் முதல் எட்டுப் பத்துச் சொற்கள். சில பிரதிகளில் முன்னுரை இல்லாமல் நூல் மட்டும் இருக்கும். எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றித் தேடுங்கள். 'மிஹி' என்பதை அவர்கள் 'மிகி' என்று எழுதுவார்கள், 'நிஹில்' என்பதை 'நிகில்' என்று.

பார்க்க வேண்டிய இடங்கள்: அரிஸ்டாட்டில் உரைகளுக்கு சார்ல்ஸ் லோர் 1967 முதல் 'ட்ராடிட்சியோ' இதழில் வெளியிட்ட பட்டியல், பாரிஸ் கலைப்பிரிவு ஆசிரியர்களுக்கு ஒல்கா வெயர்ஸின் தொகுதிகள், 13ஆம் நூற்றாண்டு சோஃபிஸ்மாக்களுக்கு எப்பெசென், குபியே இருவரும் 2010இல் வெளியிட்ட அட்டவணை. இவை முடிந்ததும், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலிருந்து 1969 முதல் வரும் 'கையே' இதழின் பொருளடக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். அந்த இதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளில் சுற்றுவட்டாரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

3. பிரதிகளின் படங்களைத் திரட்டுங்கள்

பாரிஸ் தேசிய நூலகத்தின் கல்லிகா, வத்திக்கான் நூலகம், மூனிக்கின் பவேரிய அரசு நூலகம், சுவிட்சர்லாந்தின் ஈ-கோடிசெஸ் ஆகிய தளங்களில் ஏராளமான பிரதிகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கே இல்லாததை அந்தந்த நூலகத்துக்கு எழுதிப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

வாங்கும்போது உங்களுக்கு வேண்டிய ஏடுகளை மட்டும் கேட்காதீர்கள். முன்னும் பின்னும் குறைந்தது பத்துப் பன்னிரண்டு ஏடுகள் சேர்த்து வாங்குங்கள், முடிந்தால் முழுப் பிரதியையும். கட்டும்போது மடிப்புகள் (மடித்துத் தைத்த ஏட்டுக் கட்டுகள்) இடம் மாறியிருக்கலாம்; உங்கள் நூலின் கடைசிப் பகுதி வேறெங்கோ இருக்கும். எழுதியவர் பெயரும் ஆண்டும் இருந்தால் அவை பெரும்பாலும் வேறொரு நூலின் இறுதியில்தான் இருக்கும்.

பழைய கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிம் போதும் என்று விட்டுவிட வேண்டாம். சிவப்பு மையில் போட்ட பத்திக்குறியும் சுரண்டித் திருத்திய இடமும் அதில் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும். வாதம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அந்தச் சிவப்புக் குறிதான்.

படம் கைக்கு வந்த அன்றே ஊர், நூலகம், தொகுப்பு, எண், ஏடு என்று முழு அடையாளத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வத்திக்கானில் ஒரே எண் பல தொகுப்புகளில் இருக்கும்; தொகுப்பின் பெயர் விடுபட்டால் உங்கள் குறிப்பு வேறொரு பிரதியைக் காட்டும்.

4. ஒரு பிரதியை எழுத்துக்கு எழுத்து படியெடுங்கள்

இருப்பதில் தெளிவான, முழுமையான பிரதியை முதலில் எடுங்கள். வேலையில் பெரும்பகுதி இங்கேதான், அவசரம் கூடாது.

ஜி எழுத்தின் தலையில் குட்டியாக ஓர் ஐ இருந்தால் அது 'இகிதுர்'. அதே இடத்தில் ஓ இருந்தால் 'எர்கோ'. இரண்டுக்கும் பொருள் 'ஆகவே'தான், ஆனாலும் பிரித்துப் படிக்கக் கண் பழக வேண்டும். பி எழுத்தின் காலில் குறுக்குக்கோடு ஓடினால் 'பெர்', தலைக்கு மேல் கோடு இருந்தால் 'ப்ரே', வயிற்றிலிருந்து இடப்பக்கம் ஒரு வளைவு இழுத்தால் 'ப்ரோ'. 9 போன்ற குறி சொல்லின் முதலில் வரியோடு வரியாக நின்றால் 'கோன்'; அதையே சொல்லின் கடைசியில் மேலே தூக்கி எழுதியிருந்தால் 'உஸ்'.

இன்னொரு தொல்லை குட்டைக்கோடுகள். ஐ ஒரு கோடு, என், யு இரண்டிரண்டு கோடு, எம் மூன்று கோடு. எல்லாம் ஒரே மாதிரி செங்குத்தாக நிற்கும், ஐ மேல் புள்ளி இருக்காது. ஒரு சொல்லில் ஒன்பது கோடு வரிசையாக நின்றால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். நான் இன்றும் பென்சில் முனையால் எண்ணுகிறேன்.

படியெடுக்கும்போது திருத்தாதீர்கள். எழுதியவர் தவறியிருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், இருப்பதை உள்ளபடியே எழுதி ஓரத்தில் குறித்து வையுங்கள். இப்போது திருத்திவிட்டால், அந்தத் தவறு பின்னால் இரண்டு பிரதிகளின் உறவைச் சொல்லும் சாட்சியாக வரவேண்டிய நேரத்தில் காணாமல் போயிருக்கும்.

புரியாத சொல்லில் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். அந்த இடத்தின் படத்தை வெட்டித் தனிக் கோப்பில் வைத்துவிட்டு மேலே போங்கள். மூன்று ஏடு தள்ளி அதே சொல்லை அதே கை விரித்து எழுதியிருக்கும்.

ஏடும் பக்கமும் பத்தியும் மாறும் ஒவ்வோர் இடத்தையும் உள்ளேயே குறியுங்கள்: 23 ரெக்டோ (ஏட்டின் முன்பக்கம்) முதல் பத்தி, இரண்டாம் பத்தி, 23 வெர்சோ (பின்பக்கம்) என்று. பத்தி என்பது இங்கே பக்கத்தில் நெடுக ஓடும் எழுத்து வரிசை. பின்னால் போடலாம் என்று விட்டவர்கள் முழுவதையும் மறுபடி படிக்கிறார்கள்.

டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிக்கும் மென்பொருள்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நான்கு ஏடுகளை நீங்களே படியெடுத்த பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் வேண்டாம். மென்பொருள் வழக்கமான தொடரை எதிர்பார்த்து நிரப்புகிறது. உங்கள் ஆசிரியர் வழக்கத்திலிருந்து விலகும் இடம்தான் உங்களுக்கு முக்கியம். கண் பழகாதவர் அந்த இடத்தை மென்பொருளோடு சேர்ந்து தாண்டிவிடுவார்.

5. மற்றப் பிரதிகளோடு ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் அடையாள எழுத்து கொடுத்து, முதல் படியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாடபேதங்களை (பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களை) குறியுங்கள். ஒரே நாளில் இரண்டு பிரதிகளைப் பார்க்காதீர்கள். முந்தைய பிரதியில் பார்த்ததைக் கண் இதிலும் பார்க்கத் தொடங்கிவிடும்.

தர்க்க நூல்களில் அடிக்கடி நேரும் விடுபடல் ஒன்று உண்டு. 'சாக்ரடீஸ் மனிதன், ஆகவே சாக்ரடீஸ் உயிரி. பிளேட்டோ மனிதன், ஆகவே பிளேட்டோ உயிரி' என்று ஒரு வரி இருக்கிறது. படியெடுப்பவர் முதல் 'உயிரி'யை எழுதிவிட்டு மூலத்தைத் திரும்பப் பார்க்கும்போது கண் இரண்டாவது 'உயிரி'யில் போய் விழுகிறது. நடுவில் உள்ளது முழுவதும் போச்சு. மற்ற நூல்களிலும் இது நடக்கும். ஆனால் ஒரே சொல் பத்து வரிக்குள் ஆறு முறை வரும் தர்க்கத்தில் பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். மிச்சமிருப்பது இலக்கணச் சுத்தமாகவே இருக்கும் என்பதால் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது கடினம்.

பிரதிகளின் உறவை முடிவு செய்யும்போது ஒரே விதி: பொதுவான தவறுகள்தான் சாட்சி. இரண்டு பிரதிகள் சரியான பாடத்தில் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. 'இகிதுர்' இருக்கும் இடத்தில் 'எர்கோ', 'இஸ்தே' இருக்கும் இடத்தில் 'இல்லே' (இரண்டும் சுட்டுச்சொற்கள்) என்ற மாற்றங்களும் எடையற்றவை, எழுதுகிற எவர் கையிலும் தானாக நேரும். மேலே சொன்ன கண்தாவலும் இருவருக்குத் தனித்தனியாக நேரக்கூடியதே. இருவரும் ஒரே இடத்தில் ஒரே அபத்தத்தை எழுதியிருந்தால், அப்போது பேசலாம்.

கையில் இரண்டு பிரதிதான் என்றால், எது எதிலிருந்து வந்தது என்று காட்டும் வம்சமரம் வரைந்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்று மற்றதன் நகலா இல்லையா என்பதைக் காரணத்தோடு சொன்னால் போதும்.

6. வாதங்களை எண்ணுங்கள், பிறகு நிறுத்தக்குறி

நிறுத்தக்குறி போடும் முன் கட்டமைப்பைத் தனித் தாளில் வரையுங்கள். க்வேஸ்தியோவில் முதலில் ஒரு பக்க வாதங்கள், அடுத்து எதிர்ப்பக்கம், நடுவில் ஆசிரியரின் தீர்வு, இறுதியில் முதலில் வந்த வாதங்களுக்கு வரிசையாகப் பதில். வாதங்களுக்கு எண் கொடுங்கள், பதில்களுக்கும் கொடுங்கள். ஐந்து வாதம், நான்கு பதில் என்று வந்தால் மூன்று சாத்தியங்கள்: ஒரு பதில் விடுபட்டிருக்கிறது, இரண்டுக்குச் சேர்த்து ஒரே பதில் சொல்லியிருக்கிறார், அல்லது நீங்கள் ஒரே வாதத்தை இரண்டாக வெட்டியிருக்கிறீர்கள். எது என்று தெரிந்த பிறகுதான் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைக்க முடியும்.

அடுத்தது மேற்கோள்குறி. சிறு விஷயம்போலத் தெரியும், ஆனால் குறியியலும் (குறிகள் பொருளைக் காட்டும் விதத்தை ஆராயும் துறை) தர்க்கமும் சந்திக்கும் நூல்களில் இதைவிடப் பெரிய முடிவு கிடையாது. 'ஹோமோ எஸ்ட் நோமென்' (மனிதன் என்பது பெயர்ச்சொல்) என்ற வாக்கியத்தில் 'ஹோமோ' தன்னையே, அந்தச் சொல்லையே குறிக்கிறது, மேற்கோள்குறி போடலாம். 'ஹோமோ எஸ்ட் ஸ்பீசியெஸ்' (மனிதன் என்பது ஓர் இனம்) என்ற வாக்கியத்தில்? ஸ்பெயினின் பீட்டரைக் கேட்டால் அங்கே 'ஹோமோ' பொதுமையான ஒரு பொருளுக்காக நிற்கிறது. ஆக்கமைக் கேட்டால் மனத்தில் உள்ள கருத்துக்காக. அங்கே மேற்கோள்குறி போட்டால், ஆசிரியர் வாதிட்டுத் தீர்க்க முயலும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். சொல் தன்னையே குறிக்கும் இடத்திலும் சோஃபிஸ்மா வாக்கியத்துக்கும் மட்டும் குறி போடுங்கள், வேறெங்கும் வேண்டாம். அந்த விதியை முன்னுரையில் எழுதிவிடுங்கள்.

சில ஆசிரியர்களே சொல்லைச் சொல்லாகப் பேசும்போது அதன் முன் 'லி' என்றோ 'லீ' என்றோ போடுவார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த சிறு சொல் அது. அதை வெட்டிவிட்டு மேற்கோள்குறி போட்ட படிகளைப் பார்த்திருக்கிறேன். வெட்டாதீர்கள், அது ஆசிரியரின் சொந்தக் குறி.

எழுத்துக்கூட்டலில் பிரதியின் வழக்கத்தையே வைத்துக்கொள்வது என் விருப்பம். செவ்வியல் முறைக்கு மாற்றினாலும் தவறில்லை. பாதி அப்படி, பாதி இப்படி என்று இருப்பதுதான் தவறு.

7. அடிக்குறிப்பு அடுக்குகள்

இரண்டு அடுக்கு வேண்டும். மேலடுக்கில் பாடபேதங்கள், கீழடுக்கில் ஆசிரியர் மேற்கோள் காட்டும் மூலங்கள்.

பாடபேதத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைப் பொதுவாக முன்னுரையில் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் உங்கள் பாடத்துக்காக நீங்கள் ஒதுக்கிய, அர்த்தமுள்ள எந்தப் பாடத்தையும் மறைக்கக் கூடாது. வாசகர் உங்களோடு மாறுபட வழி இருக்க வேண்டும்.

மூலங்களைத் தேடும்போது நேரும் தவறு, 'அரிஸ்டாட்டில் சொல்கிறார்' என்பதை நம்பி அரிஸ்டாட்டிலிலேயே தேடிக்கொண்டிருப்பது. மாணவர்கள் மனப்பாடம் செய்யத் தொகுத்த 'அவுக்தோரிதாத்தெஸ்' என்ற பொன்மொழித் திரட்டிலிருந்துதான் பல மேற்கோள்கள் வருகின்றன. ஜாக்குலின் ஹமெஸின் 1974 பதிப்பு உண்டு. வார்த்தை சற்றே மாறியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதேபோல, 'புலன்களுக்குத் தன் வடிவத்தைத் தருவதோடு வேறொன்றையும் மனத்துக்குக் கொண்டுவரும் பொருள்' என்ற குறியின் விளக்கம் அகஸ்டினுடையது. ஆனால் பீட்டர் லொம்பார்டின் இறையியல் பாடநூலான 'செந்தென்சியே'யின் நான்காம் நூலின் தொடக்கத்திலும் அது இருக்கிறது. உங்கள் ஆசிரியர் எதைப் பார்த்து எழுதினார் என்பதைச் சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவாகவில்லையென்றால் இரண்டையும் தாருங்கள்.

இதையெல்லாம் வேர்டில் சாதாரண அடிக்குறிப்பாகப் போட்டால், வரி எண் ஒன்று நகர்ந்ததும் எல்லாம் நகரும். இதற்கென்றே உள்ள கிளாசிக்கல் டெக்ஸ்ட் எடிட்டர் மென்பொருள் அல்லது லேடெக் என்ற தட்டச்சுக்கோப்பு மென்பொருளின் ரெலெட்மேக் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். எதைக் கற்பது என்று முடிவு செய்யும் முன், நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழ் எந்த வடிவத்தை ஏற்கும் என்று கேட்டுவிடுங்கள்.

8. ஆய்வுரையை இப்போது எழுதுங்கள்

பாடம் முடிந்த பிறகுதான் ஆய்வுரை. அதில் ஒரே ஒரு கூற்று போதும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மதுக்கடை வாசலில் தொங்கும் வளையம் உள்ளே மது இருப்பதைக் குறிக்கிறது என்பது இந்த நூல்களில் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டு. ஆக்கமும் 'சும்மா லோஜிகே' தொடக்கத்திலேயே அதைச் சொல்கிறார். உங்கள் நூலில் அந்த வளையம் வருகிறது என்று வையுங்கள். 'இடைக்காலக் குறியியலில் வளையம்' என்று எழுதப் போகாதீர்கள். உள்ளே மது தீர்ந்துபோனால் வளையம் இன்னும் குறிதானா என்ற கேள்விக்கு உங்கள் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். ஒரு பொருளுக்கு இட்ட பெயர், அந்தப் பொருள் இல்லாமல் போன பிறகு அதே அர்த்தத்தில் நிற்காது, புதிதாகப் பெயரிட வேண்டும் என்பது பேக்கனின் நிலை. செத்துப்போன சீசரின் கேள்வியும் இதுதான். உங்கள் ஆசிரியர் பேக்கன் பக்கமா எதிர்ப்பக்கமா, எந்தக் காரணத்தால் என்பதைப் பாடத்தின் வரி எண்ணோடு காட்டினால் அது கட்டுரை.

'சுப்போசித்சியோ' (ஒரு சொல் வாக்கியத்தில் எதற்காக நிற்கிறது என்பது) என்பதை இன்றைய மொழித் தத்துவத்தின் சுட்டுப்பொருளாகவும், 'சிக்னிஃபிகாத்சியோ' (சொல் குறிப்பது) என்பதை அர்த்தமாகவும் ஒரேயடியாக மாற்றி எழுதுவது பரவலான பிழை. பொருத்தம் பாதிதான் வரும், மீதிப் பாதியில் வாதம் உடையும். லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டு ஒருமுறை விளக்குங்கள். நவீன குறியியலின் முன்னோடிகளான பெர்ஸ், சொசூர் பெயர்கள் முதல் பத்தியில் வேண்டாம். ஒப்பீடு அவசியமென்றால் கடைசியில் ஒரு பத்தி போதும். 'முதன்முதலாக' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்; அச்சேறாத நூல்கள் இத்தனை இருக்கும்போது அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

9. எந்த இதழ்?

நீங்கள் அடிக்குறிப்பில் எந்த இதழை அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறீர்களோ அதுதான் முதல் தேர்வு.

தர்க்கமும் சொற்பொருளியலும் சார்ந்த ஆய்வுரை வலுவாக இருந்தால், லெய்டனின் பிரில் வெளியிடும் 'விவாரியும்'. லத்தீன் பாடமே பெரும்பகுதி என்றால் கோபன்ஹேகனின் 'கையே', டொராண்டோவின் 'மீடியேவல் ஸ்டடீஸ்', பிரான்சின் 'ஆர்ஷீவ்', இத்தாலியின் 'டொகுமெந்தி எ ஸ்துதி' ஆகியவற்றைப் பாருங்கள். டார்ட்டுவின் 'சைன் சிஸ்டம்ஸ் ஸ்டடீஸ்', 'செமியோட்டிகா' போன்ற குறியியல் இதழ்களின் வாசகர்களில் பலருக்கு லத்தீன் தெரியாது. அங்கே நூலை அல்ல, அதன் கருத்தை விவாதிக்கும் தனிக் கட்டுரையைப் பின்னால் எழுதி அனுப்பலாம்.

அனுப்பும் முன் இதழாசிரியருக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதுங்கள்: நூல் எது, எத்தனை பிரதி, லத்தீன் எத்தனை சொல், ஆய்வுரை எத்தனை சொல். நீளம் காரணமாக மறுக்கப் போகிறார்கள் என்றால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். தகுதியான மதிப்பீட்டாளர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு, இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள்.

10. மதிப்பீடும் பதிலும்

பெயர் மறைத்து அனுப்ப வேண்டியிருந்தால் கோப்பின் பண்புகளில் உள்ள பெயரையும் நீக்குங்கள். 'என் முந்தைய கட்டுரையில்' போன்ற தொடர்களையும் நன்றியுரையையும் எடுத்துவிடுங்கள்.

இந்தத் துறையின் நல்ல மதிப்பீட்டாளர் ஒரு காரியம் செய்வார்: ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்து பிரதியின் படத்தோடு தாமே ஒப்பிடுவார். அதில் மூன்று தவறு கிடைத்தால் மீதி எல்லாப் பக்கத்தின் மீதும் நம்பிக்கை போய்விடும். எனவே அனுப்புவதற்கு முந்தைய வாரம் நீங்களே நடுவிலிருந்து இரண்டு பக்கம் எடுத்து, படியை மறந்துவிட்டு, பிரதியிலிருந்து புதிதாகப் படியுங்கள்.

காத்திருப்பு நீளும். ஒரு முறை எனக்குப் பதினான்கு மாதம் பதிலே இல்லை. நான் சும்மா இருந்தது தவறு. நான்கு மாதம் கழிந்ததும் இரண்டு வரியில் பணிவாக விசாரிக்கலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அறிக்கை வந்ததும் ஒவ்வொரு குறிப்புக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் உங்கள் பதிலையும் மாற்றிய இடத்தையும் எழுதுங்கள். ஏற்காத குறிப்புக்குக் காரணத்தோடு மறுப்பு எழுதலாம். ஒரு வாசிப்பை மறுக்கிறீர்கள் என்றால் அந்த ஒரு சொல்லின் படத்தை வெட்டி இணையுங்கள். நீண்ட வாதம் தேவைப்படாது.

11. மெய்ப்பு

மெய்ப்பில் ஆய்வுரையைவிட லத்தீன் பகுதிதான் உடைந்து வரும். வரி எண்கள் நகர்ந்திருக்கும், ஆனால் அடிக்குறிப்பில் பழைய எண் அப்படியே நிற்கும். ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். 'லி' என்ற குட்டிச் சொல் தட்டச்சுப் பிழையென்று நினைத்து நீக்கப்பட்டிருக்கலாம். வரி முடிவில் லத்தீன் சொல் ஆங்கில முறையில் வெட்டுப்பட்டிருக்கும்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். லத்தீன் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, ஒருவர் பிரதியின் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்த்து வர வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆகும். 'நோன்' விடுபட்டதை இந்த முறையில் கண்டுபிடித்தது இரண்டு தடவை.

பிரதியின் படத்தைக் கட்டுரையில் அச்சிடுவதாக இருந்தால் நூலகத்தின் எழுத்துமூல அனுமதி மெய்ப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதும் அச்சிட அனுமதி இருப்பதும் ஒன்றல்ல.

கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியைக் கையெழுத்துப் பிரதி இருக்கும் ஒவ்வொரு நூலகத்துக்கும் அனுப்புங்கள், பிரதியின் எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட்டு. நூலகர்கள் அதை அந்த எண்ணுக்கு எதிரே பதிந்து வைப்பார்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன தேடலை நாளைக்கு யாராவது தொடங்கும்போது, பத்து மாதம் கழித்து அல்ல, முதல் நாளே உங்கள் பதிப்பு அவர் கண்ணில் பட வேண்டும்.